பழைய காரில் புஷ் போனால்: கண்டுபிடிப்பதும் மாற்றுவதும்

நம் கொங்குப் பக்கத்தில் மாருதி 800, பழைய ஸென், எஸ்டீம், முதலில் வந்த சான்ட்ரோ எல்லாம் இன்னும் எத்தனையோ வீட்டு வாசலில் நிற்கின்றன, சந்தைக்கும் தோட்டத்துக்கும் தினம் ஓடிக்கொண்டும் இருக்கின்றன. எஸ்டீம் 2007இல் நின்றுவிட்டது, 800 தயாரிப்பு 2014 தொடக்கத்தில் நின்றது, ஆக இதில் கடைசியாக வந்த வண்டிக்கே பத்து வயது தாண்டியாகிவிட்டது. இன்ஜின் சொன்னபடி கேட்கும், ஏசி கூட ஓடும், ஆனால் ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கினால் அடியிலிருந்து டொக் என்று ஒரு சத்தம். ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுபோனால் சில இடங்களில் வண்டியைத் தூக்கிக்கூடப் பார்க்காமல், "ஷாக்கப்சர் போயிருச்சுங்ணா, மாத்திரலாம்" என்று சொல்லிவிடுவார்கள். மாற்றியும் சத்தம் அப்படியே இருக்கும். ஏனென்றால் போனது பல நேரம் ஷாக் அப்சார்பர் இல்லை, அதைவிட விலை எவ்வளவோ குறைந்த ஒரு ரப்பர் புஷ்.

புஷ் எப்படி இருக்கும் என்றால், உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு இரும்புக் குழாய், அதற்குள் இன்னொரு சின்னக் குழாய், இரண்டுக்கும் நடுவில் கெட்டியான ரப்பர். அந்த ரப்பர் சும்மா செருகி வைத்தது அல்ல, பெரும்பாலான கார்களில் இரும்போடு சூட்டில் ஒட்டவைத்தது. மெக்கானிக்குகள் சைலன்ட் பிளாக் என்று சொல்வது இதைத்தான். சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்ம் காரின் பாடியோடு சேரும் இடத்தில் இது உட்கார்ந்திருக்கும். வெளிக்குழாய் ஆர்முக்குள் இறுக்கமாக அழுத்தி ஏற்றப்பட்டிருக்கும், உள்குழாய் வழியாகப் போல்ட் போய் பாடியில் இருக்கும் பிராக்கெட்டோடு கவ்விக்கொள்ளும்.

இங்கேதான் நிறையப் பேர் தப்பாக நினைத்துக்கொள்கிறார்கள். மாட்டு வண்டியில் சக்கரத்தின் குடம் அச்சின் மேல் சுற்றும், அதற்கு வண்டி மை போட்டாக வேண்டும். புஷ்ஷும் அப்படித்தான் போல்ட்டின் மேல் சுற்றுகிறது, அதனால் கிரீஸ் வைத்தால் சத்தம் நின்றுவிடும் என்று நினைப்பது இயல்புதான், ஆனால் புஷ் சுற்றுவதே இல்லை. போல்ட்டை முறுக்கிய பிறகு உள்குழாய் பாடியோடு அசையாமல் நின்றுவிடும், வெளிக்குழாய் ஆர்மோடு நின்றுவிடும், சக்கரம் மேலே கீழே போகும்போது நடுவில் இருக்கும் ரப்பர் முறுக்கிக்கொண்டு திரும்பப் பழைய நிலைக்கு வரும், அவ்வளவுதான். முறுக்கும் சாமானே தவிர சுற்றும் சாமான் அல்ல. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் போல்ட் முறுக்கும் இடத்தில் இதுதான் கைகொடுக்கும்.

ரப்பர் எதற்கு, இரும்போடு இரும்பை மாட்டினால் போதாதா என்றால், ரோட்டின் அதிர்வு முழுக்க உங்கள் முதுகுக்கு வந்துவிடும், பிராக்கெட்டும் சீக்கிரம் விரிசல் விடும். ரப்பர் அதிர்வைத் தின்றுவிடுகிறது. சக்கரம் குழியில் மோதும்போது ஒரு நூல் அளவு பின்னால் நகர இடம் கொடுக்கிறது, அதே சமயம் சக்கரம் நிற்க வேண்டிய கோணத்தில் நிறுத்தியும் வைக்கிறது. அது கிழிந்தால் சக்கரம் தன் இஷ்டத்துக்கு நகர ஆரம்பிக்கும். பிரேக் மிதித்தால் ஒரு கோணம், ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் இன்னொரு கோணம். அலைன்மென்ட் எத்தனை தடவை பார்த்தாலும் நிற்காததற்கும், டயரின் ஒரு ஓரம் மட்டும் மொழுமொழுவென்று தேய்வதற்கும் இது ஒரு முக்கியமான காரணம்.

புஷ் சாவது கிலோமீட்டரால் மட்டும் அல்ல, வயதாலும்தான். நிழலில் நிறுத்தி வைத்து மாதத்துக்கு ஒருமுறை மட்டும் எடுத்த வண்டியிலும் ரப்பர் காய்ந்து வெடித்திருக்கும். கரூர், ஈரோடு பக்கத்துக் கோடை வெயில், காற்றில் இருக்கும் ஓசோன், இன்ஜினிலிருந்து கசியும் ஆயில் எல்லாமே ரப்பருக்கு ஆகாதவை. இதில் நாமே செய்யும் ஒரு கெடுதலும் இருக்கிறது. வாட்டர் வாஷ் முடித்ததும் துரு பிடிக்காமல் இருக்கட்டும் என்று அடியில் டீசலோ பழைய ஆயிலோ ஸ்பிரே அடிக்கும் வழக்கம் பல சர்வீஸ் ஸ்டேஷனில் இன்னமும் இருக்கிறது. இரும்புக்கு அது கொஞ்சம் நல்லது செய்யலாம், ஆனால் இயற்கை ரப்பர் டீசலை உறிஞ்சி ஊதிப்போய் மெத்துமெத்தென்று ஆகிவிடும், அப்புறம் கிழிய நேரமாகாது. அடுத்த முறை வாஷுக்கு விடும்போது அடியில் எதுவும் அடிக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மலை ரோடும் புஷ்ஷை நன்றாகவே சோதிக்கும். ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, பண்ணாரியிலிருந்து திம்பத்துக்கு 27. ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் பிரேக், திருப்பம், மறுபடி ஆக்ஸிலேட்டர் என்று ஆர்ம் முன்னும் பின்னும் இழுபட்டுக்கொண்டே இருக்கும். சமவெளியில் தெரியாத ஆட்டம் அங்கே தெரிய வருவது இதனால்தான்.

சரி, கண்டுபிடிப்பதற்கு வருவோம். முதலில் காது. ஜன்னலை இறக்கிவிட்டு, பாட்டை நிறுத்திவிட்டு, ஆள் இல்லாத இடத்தில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். பத்து கிலோமீட்டர் வேகத்தில் முன்னால் போய் பிரேக் மிதியுங்கள், அப்புறம் ரிவர்ஸில் வந்து பிரேக் மிதியுங்கள். போகும்போது ஒரு டொக், வரும்போது ஒரு டொக் என்று கேட்டால், பெரும்பாலும் லோயர் ஆர்மின் பின்பக்க புஷ்தான். பிரேக் பிடிக்கும்போது ரோடு சக்கரத்தைப் பின்னால் தள்ளுகிறது, ரிவர்ஸில் முன்னால் தள்ளுகிறது, கிழிந்த ரப்பருக்குள் உள்குழாய் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய் இடிக்கும் சத்தம் அது. பிரேக் மிதித்தாலே வண்டி ஒரு பக்கம் இழுத்தால், பிரேக் பேட், காலிப்பர் எல்லாம் சரியாக இருக்கும் பட்சத்தில், இதையே சந்தேகப்படலாம்.

ஒரு பக்கச் சக்கரம் மட்டும் குழியில் விழும்போது, அல்லது தோட்டத்து மண் ரோட்டில் மெதுவாகப் போகும்போது கடகடவென்று கேட்டால் அது ஸ்டெபிலைசர் பார் (இரண்டு பக்கச் சக்கரத்தையும் குறுக்காக இணைக்கும் கம்பி) புஷ்ஷோ, அதன் நுனியில் இருக்கும் லிங்க் ராடோ ஆக இருக்கும். நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது பானெட்டுக்குக் கீழே ஸ்பிரிங் துள்ளுகிற மாதிரிக் கேட்டால் மேலே இருக்கும் ஸ்ட்ரட் மவுண்ட், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த ஸ்ட்ரட்டின் மேல்நுனியைப் பாடியோடு பிடிக்கும் சாமான். காய்ந்த ரப்பர் என்றால் இடிக்காது, கிறீச்சிடும். அதற்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. சந்தேகமான புஷ்ஷின் மேல் தண்ணீரைப் பீய்ச்சிவிட்டு, பானெட் ஓரத்தை அழுத்தி ஆட்டிப் பாருங்கள். கொஞ்ச நேரம் சத்தம் நின்று, காய்ந்ததும் மறுபடி வந்தால் ஆள் அகப்பட்டுவிட்டான். கிரீஸ், டபிள்யூடி-40 எல்லாம் அடித்துப் பார்க்க வேண்டாம், சத்தம் போகும், கூடவே ரப்பரும் போகும்.

அடுத்தது கண். வண்டியைத் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தைக் கழற்றிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். மேலாக மெல்லிய வெடிப்பு மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம், வயதான ரப்பர் எல்லாவற்றிலும் அது இருக்கும், இன்னும் கொஞ்ச காலம் ஓடும். பார்க்க வேண்டியது வேறு. உள்குழாய் நடுவில் நிற்கிறதா, ஒரு பக்கமாகச் சரிந்துவிட்டதா? ரப்பர் இரும்பை விட்டுப் பிரிந்து பிறை வடிவத்தில் இடைவெளி தெரிகிறதா? சில புஷ்களில் கம்பெனியிலேயே ரப்பருக்குள் வளைவான ஓட்டை விட்டிருப்பார்கள், அதைக் கிழிசல் என்று நினைத்துவிடாதீர்கள். கம்பெனி விட்ட ஓட்டையின் விளிம்பு ஒழுங்காக இருக்கும், கிழிந்தது பிசிறு பிசிறாக இருக்கும். சில புதிய வகைக் கார்களில் புஷ்ஷுக்குள் திரவம் இருக்கும், அது கசிந்து கறுப்பாக ஒழுகியிருந்தால் வேறு சோதனையே தேவையில்லை.

கையால் பார்ப்பது கடைசி. ஒரு நீளமான லீவரை ஆர்முக்கும் கிராஸ் மெம்பருக்கும் (பாடிக்கு அடியில் குறுக்காகப் போகும் இரும்புச் சட்டம்) நடுவில் கொடுத்து மெதுவாக நெம்புங்கள். பலத்தைக் காட்ட வேண்டாம், நல்ல புஷ்ஷே கொஞ்சம் அசையத்தான் செய்யும், அது ரப்பர். நெம்பும்போது கிழிசல் வாய் திறந்து மூடுகிறதா, உள்ளே இரும்பு இரும்பில் இடிக்கிறதா என்பதுதான் கேள்வி. இதோடு சேர்த்து, சக்கரத்தைத் திரும்ப மாட்டிவிட்டு மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் உள்ளே ஒரு ஆளை பிரேக் மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட் (ஆர்மின் சக்கரப் பக்க நுனியில் இருக்கும் குண்டு மூட்டு) அல்லது புஷ். பக்கவாட்டில் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆட்டம் வந்தால் ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு சேர்க்கும் டை ராடு எண்டு பக்கம் போங்கள். இந்தப் பத்து நிமிட வேலையைச் செய்யாமல் எந்த ஸ்பேருக்கும் காசு கொடுக்காதீர்கள், இதை நான் உறுதியாகச் சொல்வேன்.

புஷ் மட்டும் மாற்றுவதா, முழு ஆர்மும் மாற்றுவதா? பல சின்னக் கார்களில் பால் ஜாயிண்ட் ஆர்மோடு சேர்ந்தே வரும். பால் ஜாயிண்டும் ஆடுகிறது, அல்லது ஆர்ம் வளைந்திருக்கிறது என்றால் முழு ஆர்ம் வாங்கிவிடுங்கள், புஷ்ஷை பிரஸ் மெஷினில் அழுத்தி ஏற்றும் வேலையும் மிச்சம். ஆர்ம் நன்றாக இருந்து புஷ் மட்டும் போயிருந்தால் புஷ் போதும். எதுவானாலும் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள், ஒரு பக்கம் புதிய கெட்டி ரப்பர், மறுபக்கம் பழைய தொளதொளப்பு என்றால் வண்டி நேராகப் போகாது. 800இல் இன்னொரு விஷயம்: அதில் முன்பக்க ஸ்டெபிலைசர் பாரின் நுனி ஆர்முக்குள் புகுந்து, சக்கரம் முன்னும் பின்னும் போகாமல் பிடிக்கும் வேலையையும் அதுவே செய்கிறது. அதனால் அந்த நுனியில் இருக்கும் ரப்பர் புஷ் நசுங்கினால் மற்ற கார்களில் வரும் வெறும் கடகட சத்தத்தோடு நிற்காது, பிரேக்கில் இழுக்கவும் செய்யும்.

கடையில் கேட்டால் ரப்பருக்குப் பதில் பாலியூரித்தேன் போடுங்கள் என்பார்கள். அது ரப்பரைவிடக் கெட்டி, ஆயிலுக்கு அசையாது, ரேஸ் ஓட்டுபவர்களுக்கு நல்லது. ஆனால் அதில் பெரும்பாலானவை முறுக்குவதில்லை, குழாயின் மேல் வழுக்கிச் சுற்றும், அதற்கென்று இருக்கும் சிலிக்கான் கிரீஸ் வைத்தாக வேண்டும், காய்ந்தால் கத்தும். குடும்பம் ஏறிப் போகும் பழைய காருக்கு ஒரிஜினல் ரப்பர்தான் சரி என்பது என் அபிப்பிராயம். லேத்தில் நைலானில் கடைந்து போட்டுக்கொள்ளும் யோசனைக்கும் இதே பதில். கோவை கணபதி, ஆவாரம்பாளையம் லேத் பட்டறைகளில் எதைக் கேட்டாலும் அளவு பிசகாமல் கடைந்து கொடுத்துவிடுவார்கள், கைவேலையில் குறை சொல்லவே முடியாது. ஆனால் நைலான் முறுக்காது, அதிர்வையும் தின்னாது, அந்த அடி முழுக்கப் பிராக்கெட்டுக்குப் போகும்.

இனி வேலை. சமமான சிமெண்டுத் தரை, பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல். ஒன்றையும் கழற்றுவதற்கு முன்னால், வண்டி தரையில் நிற்கும்போதே, சக்கரத்தின் நடுமையத்திலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை டேப்பால் அளந்து இரண்டு பக்கத்துக்கும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எதற்கு என்று பின்னால் சொல்கிறேன். வீல் நட்டை லூஸ் செய்துவிட்டுத் தூக்குங்கள், ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கையைக்கூட நீட்டாதீர்கள், ஸ்டாண்டு வேண்டும். ஸ்டாண்டு இல்லை என்று ஹாலோ பிளாக் கல்லை முட்டுக் கொடுப்பதை நம் பக்கம் நிறையவே பார்க்கலாம், அது எச்சரிக்கை எதுவும் கொடுக்காமல் பொடிந்து போகும் கல், தயவுசெய்து வேண்டாம். முன்பக்கம் இரண்டையும் ஒன்றாகத் தூக்குங்கள், ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கொண்டு நிற்கும், போல்ட்டைக் கழற்றும்போது கையில் அடிக்கும்.

மேக்ஃபர்சன் ஸ்ட்ரட் இருக்கும் கார்களில், அதாவது மேலே சொன்ன வண்டிகளில் எல்லாம், ஸ்பிரிங் ஸ்ட்ரட்டுக்குள்ளேயே அடங்கியிருக்கும், ஆர்மைக் கழற்றினால் ஸ்பிரிங் பாயாது. ஸ்ட்ரட்டின் மேல் நடு நட்டை மட்டும் தொடாதீர்கள். அம்பாசிடர் மாதிரி டார்ஷன் பார் (ஸ்பிரிங்குக்குப் பதிலாக முறுக்கி வைத்த கம்பி) ஆர்மை அழுத்திக்கொண்டிருக்கும் வண்டியோ, ஸ்பிரிங் ஆர்மின் மேலேயே உட்கார்ந்திருக்கும் வண்டியோ என்றால் வீட்டில் முயற்சி வேண்டாம்.

போல்ட்டுகளுக்கு முந்தின நாள் ராத்திரியே துரு இளக்கும் ஆயில் விட்டு வையுங்கள். கழற்றும் முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், வாஷர் எந்தப் பக்கம், போல்ட் எந்தத் திசையில் வந்தது எல்லாம் அதில் இருக்கும். பால் ஜாயிண்டை விடுவித்து, ஸ்டெபிலைசரைக் கழற்றி, பாடிப் பக்க போல்ட்டுகளை எடுத்தால் ஆர்ம் கையோடு வந்துவிடும். கிழிந்த புஷ்ஷை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: உள்குழாய் ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருக்கும், கிழிந்த வாயில் ரப்பர் உரசி உரசி பளபளவென்று ஆகியிருக்கும், அந்த இடுக்கில் கறுப்புத் தூளும் துருவின் செந்தூளும் கலந்து படிந்திருக்கும், இரும்பு இரும்பில் இடித்த இடத்தில் நக அளவுக்கு ஒரு வெள்ளைத் தழும்பு இருக்கும். அந்தத் தழும்புதான் நீங்கள் கேட்ட சத்தம்.

புஷ்ஷை எடுக்கவும் ஏற்றவும் ஆர்மை எடுத்துக்கொண்டு பிரஸ் இருக்கும் லேத் பட்டறைக்குப் போய்விடுங்கள், நம் ஊரில் அதற்கா பஞ்சம். சுத்தியலால் அடித்து ஏற்றினால் ஆர்மின் வாய் கோணிப்போகும், புது புஷ் நிற்காது. ரப்பரைத் தீ வைத்து எரித்து எடுப்பதும் வேண்டாம், புகை ஆளைக் கெடுக்கும். எடுக்கும் முன் பழைய புஷ் எந்தக் கோணத்தில், எவ்வளவு ஆழத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று ஆர்மில் பெயிண்டால் ஒரு கோடு போடுங்கள், ஓட்டை விட்ட புஷ்ஷாக இருந்தால் அந்த ஓட்டையின் திசை மாறவே கூடாது. ஏற்றும்போது பட்டறையில் பக்கத்திலேயே நில்லுங்கள். பிரஸ் வெளிக்குழாயின் விளிம்பில் மட்டும் அழுத்த வேண்டும். உள்குழாயில் அழுத்தினால் ஒட்டவைத்த ரப்பர் அங்கேயே பிய்ந்துவிடும், புது புஷ் மாட்டும் முன்பே பழைய புஷ் ஆகிவிடும். வழுக்குவதற்கு சோப்புத் தண்ணீர் போதும், ஆயிலும் கிரீஸும் வேண்டாம்.

ஆர்மைத் திரும்ப மாட்டும்போது புஷ் வழியாகப் போகும் போல்ட்டுகளைக் கையால் முறுக்கும் அளவுக்கு மட்டும் விடுங்கள். பால் ஜாயிண்டை முழுசாக முறுக்கிவிடலாம், புஷ் போல்ட்டை மட்டும் இப்போது முறுக்கக் கூடாது. நிறையப் பேர் கெடுத்துக்கொள்வது இந்த ஒரு இடத்தில்தான். வண்டி ஸ்டாண்டில் தொங்கும்போது ஆர்ம் கீழ்நோக்கித் தொங்கிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் போல்ட்டை இறுக்கினால் ரப்பருக்கு அதுதான் ஓய்வு நிலை. வண்டியை இறக்கியதும் ஆர்ம் மேலே வரும், ரப்பர் முறுக்கிக்கொள்ளும், வாசலில் சும்மா நிற்கும்போதும் அந்த முறுக்கு விடாது, ஒரு குழியில் இறங்கினால் தாங்கும் எல்லையையும் தாண்டிப் போகும். வருடக்கணக்கில் ஓட வேண்டிய புஷ் சில மாதத்திலேயே கிழிவது இதனால்தான், கடைசியில் பழி ஸ்பேர் மேல் விழும்.

ஆகவே வண்டியின் பாரம் சக்கரத்தில் இருக்கும்போதுதான் இறுக்க வேண்டும். குழி இருக்கும் ஷெட்டில் என்றால் வண்டியை இறக்கி, நாலு தடவை அழுத்தி ஆட்டிவிட்டு, குழிக்குள் நின்று முறுக்கிவிடலாம், லாரிப் பட்டறைகளில் இந்தக் குழி இருக்கும். குழி இல்லாதவர்களுக்குத்தான் முதலில் எழுதி வைத்த அளவு. ஸ்டாண்டை எடுக்காமல், பால் ஜாயிண்டுக்குப் பக்கத்தில் ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, சக்கர மையத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் அதே அளவு வரும் வரை மெதுவாகத் தூக்குங்கள். ஸ்டாண்டை விட்டு வண்டி எழும்பும்போல இருந்தால் அதற்கு மேல் தூக்கக் கூடாது. அளவு வந்ததும் போல்ட்டை டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்கம் என்று அளந்து காட்டும் ஸ்பானர்) வைத்து, உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் சொன்ன அளவுக்கு முறுக்குங்கள். பாரத்தை விட்டதும் மறுபக்கத்துக்கும் அப்படியே. உள்ளே நைலான் வளையம் வைத்த பழைய நட்டுகளைத் திரும்பப் போடாதீர்கள், புதிதே போடுங்கள்.

அப்புறம் நேராக வீல் அலைன்மென்ட் கடைக்கு. புஷ் மாற்றினால் சக்கரத்தின் கோணம் நிச்சயம் மாறியிருக்கும், பழைய அலைன்மென்ட் கிழிந்த புஷ்ஷுக்கு வைத்தது. பல சின்னக் கார்களில் முன்பக்கம் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும்தான் சரிசெய்ய முடியும். அது போதும், ஆனால் கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்) அளவையும் அச்சடித்துக் கேட்டு வாங்குங்கள்; இரண்டு பக்கத்துக்கும் பெரிய வித்தியாசம் காட்டினால் ஆர்மோ ஸ்ட்ரட்டோ வளைந்திருக்கலாம், அதைப் புஷ் சரிசெய்யாது. சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் போல்ட்டுகளை ஒருமுறை தொட்டுப் பாருங்கள், முன்னால் போய், ரிவர்ஸில் வந்து அந்த பிரேக் சோதனையையும் மறுபடி செய்யுங்கள். இன்னமும் டொக் கேட்டால் எதிர்ப்பக்கத்து பால் ஜாயிண்டையும் இன்ஜின் மவுண்டையும் பாருங்கள். தேய்ந்த இன்ஜின் மவுண்டும் பிரேக்கிலும் ரிவர்ஸிலும் ஏறக்குறைய இதே மாதிரிதான் இடிக்கும்.